பாதுகாவலர் ரோந்துக்குக் கிளாக்கிங் முறை: பினாங்குக் கொண்டோக்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் முழுமையான வழிகாட்டி

பாயான் பாரு, குளுகோர், ஜெலுத்தோங் என்று எந்தப் பக்கம் அடுக்குமாடிக்குப் போனாலும் படிக்கட்டுச் சுவரிலோ பம்ப் ரூம் கதவோரத்திலோ 50 காசைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். இரவுக் காவலர் கையிலுள்ள கருவியை அதன்மேல் காட்டுவார், பீப் என்று சத்தம் வரும், நேரம் பதிவாகிவிடும். இதுதான் கிளாக்கிங். அந்த வில்லையை டேக் என்றும், அது ஒட்டியிருக்கும் இடத்தைப் பாயிண்ட் என்றும் சொல்வார்கள். மாதாமாதம் காசு கட்டியும் பல குடியிருப்புகளில் இது பயன் தராமல் போகிறது. கருவி கெட்டுப்போவதால் அப்படி ஆவது குறைவு. பாயிண்ட்டைத் தவறான இடத்தில் வைத்திருப்பார்கள், மனிதனால் நடந்து முடிக்க முடியாத அட்டவணையைப் போட்டிருப்பார்கள், காலையில் அறிக்கையைப் படிக்க ஆள் இருக்காது. பொய்க் கிளாக்கிங் பெரும்பாலும் நடக்க முடியாத அட்டவணையில்தான் பிறக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கருவியைவிட நடைக்கும் நேரத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பதிவு எதைச் சொல்லும்

இன்ன எண்ணுள்ள டேக்கும் இன்ன எண்ணுள்ள கருவியும் இன்ன நேரத்தில் பக்கத்தில் இருந்தன. கிளாக்கிங் பதிவு சொல்வது இவ்வளவுதான். கருவியைக் கொண்டுபோனது யார் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு காவலருக்கும் தனி அடையாள அட்டையோ பின் எண்ணோ வேண்டும். அவர் அங்கே எதையாவது பார்த்தாரா என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பாயிண்ட்டோடு ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும். பம்ப் ரூமில் "பேனல் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கிறதா?", ஜென்செட் (மின்னாக்கி) அறையில் "தரையில் எண்ணெய்க் கசிவு உண்டா?", பின்வாசலில் "பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா?" என்பது போல. ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு கேள்வி போதும். மூன்று நான்கு வைத்தால் படிக்காமலே ஆம், ஆம் என்று தட்டிவிட்டுப் போவார்கள்.

எந்தக் கருவி

ஐபட்டன் எஃகுக் குப்பியில் அடைத்த சிறு சில்லு. ஒவ்வொன்றுக்கும் மாற்ற முடியாத 64 பிட் எண் உண்டு. உறுதியானது, பேட்டரி வேண்டாம். ஆனால் உலோகமும் உலோகமும் தொட்டால்தான் படிக்கும். தஞ்சோங் தோக்கோங், பத்து பெரிங்கி போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று தொடுமுனையில் படிந்து, நாலைந்து முறை தேய்த்தால்தான் பீப் வரும் நிலைக்குப் போய்விடும். அங்கே தொடாமல் படிக்கும் வகையே நல்லது.

தொடாமல் ரேடியோ அலையால் படிக்கப்படும் 125 கிலோஹெர்ட்ஸ் ஆர்.எஃப்.ஐ.டி. டேக்கும், டார்ச் லைட் போன்ற படிப்புக்கோலும் தொழிற்சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகின்றன. கோலில் கேமரா இல்லை. பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் கேமரா போன் உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் ஆலைகளுக்கு இதுவே பொருத்தம். கீழே விழுந்தாலும் தாங்கும். டேக்கை நகலெடுக்கும் கருவி மலிவாகக் கிடைப்பது இதன் பலவீனம். கரைப்பான், எரிவாயு சேமிக்கும் அறைகளுக்குள் சாதாரணக் கோலையோ போனையோ கொண்டுபோக விடாதீர்கள். அங்கே தீப்பொறி அபாயம் இல்லையென்று சான்று பெற்ற கருவி வேண்டும். அது இல்லாவிட்டால் பாயிண்ட்டை அறைக்கு வெளியே வையுங்கள்.

என்.எஃப்.சி. டேக் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, போனாலேயே படிக்கலாம். கொண்டோவுக்கு எங்கள் தேர்வு இதுதான்: நிறுவனம் வாங்கிக் கொடுத்த போன், அதில் கிளாக்கிங் ஆப், சுவரில் என்.டேக் 213 வகை டேக். ஆப் டேக்கின் அடையாள எண்ணை மட்டும் படிக்கிறதென்றால் டேக்கில் எதையும் எழுத வேண்டியதில்லை. இணைய முகவரி எழுதும் வகை ஆப் என்றால் எழுதி, சோதித்த பிறகு டேக்கைப் பூட்டிவிடுங்கள். பூட்டாத டேக்கில் யார் வேண்டுமானாலும் போனால் மேலெழுதலாம். நிரந்தரப் பூட்டைத் திறக்கவே முடியாது என்பதால் பூட்டுமுன் எண்ணைச் சரிபாருங்கள். நகலெடுப்பு உண்மையிலேயே கவலையான இடங்களுக்கு, ஒவ்வொரு தட்டலுக்கும் புதிய குறியீடு தரும் என்.டேக் 424 டி.என்.ஏ. வகை இருக்கிறது. ஆனால் உங்கள் ஆப் அதைச் சரிபார்க்கத் தெரிந்ததா என்று கேட்டபிறகே வாங்குங்கள்.

கியூ.ஆர். காகிதம் மிக மலிவு, மிகப் பலவீனம். எல்லாப் பாயிண்ட்டையும் ஒரு தடவை போனில் படம் எடுத்துவிட்டால், கார்ட் ஹவுஸ் நாற்காலியை விட்டு எழாமலே ஒரு சுற்று முடிந்துவிடும். ஜி.பி.எஸ். சேர்த்தாலும் முழுத் தீர்வு கிடைக்காது. திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியம் தரும் ஜி.பி.எஸ்., கான்கிரீட் தளத்துக்கு அடியில் தடுமாறும், 3ஆம் மாடியா 13ஆம் மாடியா என்று நம்பும்படி சொல்லாது. ஆண்ட்ராய்டில் பொய் இருப்பிடம் காட்டவும் வழியிருக்கிறது. ஒரு வார நிகழ்ச்சிக்கான தற்காலிகக் காவலுக்குக் கியூ.ஆர். போதும், நிரந்தர இடத்துக்கு வேண்டாம்.

புளூடூத் பீக்கன் தானாகச் சமிக்ஞை அனுப்பும், காவலர் தட்ட வேண்டியதில்லை. அந்தச் சமிக்ஞை தளத்தைத் துளைத்து மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் போகும், பேட்டரியும் மாற்ற வேண்டும். படிக்கட்டுக்கு இதை நம்ப முடியாது. பெரிய ஆலையின் திறந்த யார்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

சிம் போட்டுப் பதிவை உடனுக்குடன் அனுப்பும் பழைய கருவியைக் குறைந்த விலைக்கு யாராவது தந்தால் 4ஜி உண்டா என்று முதலில் பாருங்கள். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. சிம் போடும் எந்தக் கருவியிலும் எம்.சி.எம்.சி. (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) சான்று லேபல் இருக்க வேண்டும்.

முதல் படி: பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை நடங்கள்

வரைபடத்தை மேசையில் விரித்து வட்டம் போட்டுப் பாயிண்ட் வைக்காதீர்கள். குடியிருப்பு நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், காவல் நிறுவன சூப்பர்வைசர், அந்த இடத்தில் நீண்டகாலம் வேலை செய்யும் காவலர் ஆகிய மூவரும் சேர்ந்து நடக்க வேண்டும். காவலர் இல்லாமல் நடந்தால் பயனில்லை. எந்தக் கதவு இரவில் பூட்டியிருக்கும், எந்த விளக்கு எரியாது, வேலியில் எங்கே ஆள் ஏறுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பாயிண்ட் வைக்கும் இடம், பார்க்க வேண்டிய பொருளைக் கண் தானாகப் பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். பம்ப் ரூமுக்கு வெளியே கதவு நிலையில் டேக் ஒட்டினால் காவலர் உள்ளே போக மாட்டார். உள்ளே பேனலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினால் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தரை ஈரத்தைக் கண்டுதான் திரும்புவார். கார் பார்க்கில் லிஃப்ட் வாசலில் ஒட்டாமல் தூரத்து மூலையில் ஒட்டுங்கள். வேலியில் கோணம் மாறும் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று வேண்டும். குப்பை அறையில் இரவில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

மின்வாரியத் துணைமின் நிலையத்துக்குள் காவலருக்கு வேலை இல்லை. அங்கே வெளிக்கதவில் பூட்டைப் பார்க்கும்படி ஒன்று போதும்.

நடக்கும்போதே கையில் போனை வைத்து, சிக்னல் எங்கெங்கே போகிறது என்று குறியுங்கள். நிலத்தடி கார் பார்க்கில் பெரும்பாலும் போய்விடும். அங்கே கிளாக்கிங் கருவிக்குள் சேமிக்கப்பட்டு, மேலே வந்ததும் அனுப்பப்பட வேண்டும். அந்த வசதி இல்லாத ஆப்பை வாங்காதீர்கள். ஆப்பில் உள்ள அபாயப் பொத்தானும் அதே இடத்தில் வேலை செய்யாது என்பதைக் காவலருக்குச் சொல்லிவைத்து, அங்கே வாக்கி டாக்கி எடுக்கிறதா என்று சோதியுங்கள்.

இரண்டாம் படி: நேரக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். 18 மாடியில் இரண்டு புளோக், 4 தளக் கார் பார்க், 420 மீட்டர் சுற்றுவேலி கொண்ட குடியிருப்பு. ஒவ்வொரு புளோக்கிலும் இரண்டு படிக்கட்டுகள்.

வேலி மூலைகள் 4, பின்வாசல் 1. மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறை, புளோக்குக்கு ஒன்றாக 2. நான்கு படிக்கட்டுகளிலும் 12ஆம் மாடியிலும் 6ஆம் மாடியிலும் ஒவ்வொன்றாக 8. கார் பார்க் 4. பம்ப் ரூம், ஜென்செட், மெயின் சுவிட்ச் அறை, குப்பை அறை, நீச்சல்குளம் என 5. ஆக 24. சுற்று தொடங்கவும் முடிக்கவும் கார்ட் ஹவுஸில் ஒன்று சேர்த்தால் 25.

இதை ஒரே சுற்றாகப் போடக்கூடாது, இரண்டாகப் பிரியுங்கள்.

ஏ சுற்று வெளிப்பக்கம்: வேலியும் பின்வாசலும் 5, அறைகளும் குளமும் 5. நடை ஏறத்தாழ 600 மீட்டர். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நடப்பவர் வினாடிக்கு ஒரு மீட்டர் போவார் என்று வைத்தால் 10 நிமிடம். வேலிப் பாயிண்ட்டுக்கு 15 வினாடியும், அறைகளுக்கும் குளத்துக்கும் தலா ஒரு நிமிடமும் வைத்தால் இன்னும் 6 நிமிடத்துக்கு மேல். கணக்கில் 16 வருகிறது, 25 நிமிடம் கொடுங்கள்.

பி சுற்று உட்பக்கம்: லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்குவது. ஏறச் சொல்லாதீர்கள். காவலர்களில் பலர் வயதானவர்கள், முழங்கால் வலியோடு 18 மாடி ஏறிய ஒருவர் அடுத்த சுற்றில் கதவு எதையும் தள்ளிப் பார்க்க மாட்டார். மாடிக்கு 20 வினாடி என்றால் 18 மாடி இறங்க 6 நிமிடம், இரண்டு புளோக்குக்கு 12. லிஃப்டுக்கும் மொட்டைமாடிக்கும் புளோக்குக்கு 4 நிமிடமாக 8. கார் பார்க் தளத்துக்கு 150 மீட்டராக 10 நிமிடம். டேக் தட்ட 3. மொத்தம் 33, கொடுக்க வேண்டியது 45. ஒரு சுற்றில் புளோக்குக்கு ஒரு படிக்கட்டு மட்டும், அடுத்த சுற்றில் மற்றது.

இரவு 7 முதல் 11 வரை ஆள் நடமாட்டம் இருக்கும், ஒரு ஏ போதும். 11 முதல் 1, 1 முதல் 3, 3 முதல் 5 ஆகிய ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் ஒரு ஏ, ஒரு பி. 5 முதல் 7க்குள் ஓர் ஏ. மொத்த நடை 260 நிமிடம், அதாவது 4 மணி 20 நிமிடம். 12 மணி நேர வேலையில் ஒரு மனிதர் ஒழுங்காகச் செய்யக்கூடியது இது.

"ஒரு மணிக்கு ஒரு தடவை எல்லாப் பாயிண்ட்டும் வேண்டும்" என்று ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார், குழுவும் தலையாட்டும். மேலே உள்ள கணக்கின்படி அது 60 நிமிடத்துக்குள் குறைந்தது 70 நிமிட வேலை. ஓய்வு, கழிப்பறை, மழை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அப்படி அட்டவணை போட்ட இடத்தில் மூன்றே வாரத்தில் டேக்குகள் சுவரிலிருந்து கழன்று மேசை இழுப்பறைக்குள் போய்விடும். பிறகு பதிவு நூற்றுக்கு நூறு காட்டும், வேலியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அட்டவணையை உறுதி செய்யுமுன் வேகமாக நடப்பவர், சராசரி ஆள், மெதுவாக நடப்பவர் ஆகிய மூவரைத் தனித்தனியே நடக்கவிட்டு நேரம் குறியுங்கள். மெதுவானவரின் நேரத்தோடு 10 நிமிடம் சேர்த்தால் அதுதான் உங்கள் சுற்று நேரம்.

ஒரே காவலர் உள்ள சிறிய இடங்களில் அவர் நடக்கும்போது வாசல் காலியாக இருக்கும். அங்கே சுற்றைச் சிறிதாக்கி, வாசல் கேட்டைப் பூட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை எழுத்தில் கொடுங்கள்.

மூன்றாம் படி: வாங்க வேண்டியவை

மேலே சொன்ன குடியிருப்புக்கு: டேக் 25, உபரியாக 5 சேர்த்து 30. அவற்றில் 6 உலோகத்தின்மேல் ஒட்டும் வகையாக இருக்கட்டும். அடையாள அட்டை 10. பகலுக்கு 2, இரவுக்கு 2, விடுப்பு மாற்றாள் 2, சூப்பர்வைசர் 1, மீதி உபரி. போன் 2, கீழே விழுந்தாலும் தாங்கும் உறையோடு, தண்ணீரும் தூசியும் புகாத ஐ.பி. 67 அல்லது 68 தரத்தில். சார்ஜர் 2, மின்னல் பாதுகாப்புள்ள பிளக் பட்டை 1. பினாங்கு இடிக்கு இந்தப் பட்டை இல்லாமல் சார்ஜரை நேரே சுவரில் செருகாதீர்கள். 3எம் வி.எச்.பி. ஒட்டுநாடா ஒரு சுருள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு புட்டி, திருகுடன் வரும் டேக் என்றால் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியாத திருகுகள்.

நான்காம் படி: டேக் ஒட்டுவது

ஒட்டுமுன் எல்லா டேக்கையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் மென்பொருளில் பதிந்து, முதுகில் எண் எழுதுங்கள். சுவரில் ஒட்டிய பிறகு பதிந்தால் 7ம் 8ம் இடம் மாறுவது நிச்சயம்.

உயரம் 1.2 மீட்டர் முதல் 1.4 மீட்டர் வரை. மேற்பரப்பை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு ஒட்டி, 15 வினாடி அழுத்துங்கள். வி.எச்.பி. நாடா முழுப் பிடிப்பைப் பெற 72 மணி நேரம் எடுக்கும். அதனால் வெள்ளிக்கிழமை ஒட்டித் திங்கட்கிழமை சுற்றைத் தொடங்குங்கள். உதிரும் சுண்ணாம்புச் சுவரில் எந்த நாடாவும் நிற்காது, அங்கே துளையிட்டுத் திருகுங்கள்.

தீத்தடுப்புக் கதவு, மின்பேனல், எஃகுத் தூண் மேல் சாதாரண டேக்கை ஒட்டினால் படிக்காது. உலோகத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் டேக்கின் சுருளை அடக்கிவிடும். நடுவில் ஃபெரைட் அடுக்குள்ள உலோக வகை டேக்கைப் பயன்படுத்துங்கள், அல்லது பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள். கதவிலேயே ஒட்டும்போது இன்னொரு சிக்கலும் உண்டு: கதவைப் பழுதுபார்க்கக் கழற்றினால் பாயிண்ட்டும் போய்விடும்.

ஒட்டி முடித்ததும் காவலர் பயன்படுத்தப் போகும் அதே போனால், உறையைக் கழற்றாமல் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் என்.எஃப்.சி. ஆண்டெனா முதுகின் மேல்பாதியில் இருக்கும். அந்த இடத்தில் போன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டிவிட்டால் "படிக்க மாட்டேங்குது" என்ற புகார் பாதி குறையும்.

ஐந்தாம் படி: மென்பொருள் அமைப்பு

பெயரில் தொடங்குங்கள். "பாயிண்ட் 14" என்று எழுதினால் மாதம் கழித்து யாருக்கும் புரியாது. "பி புளோக், வலது படி, 12ஆம் மாடி" என்று எழுதுங்கள். நேப்பாளக் காவலர்கள் இருந்தால் ஆப்பில் நேப்பாளி மொழி கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்நாட்டில் காவலராக வேலை செய்ய அனுமதிக்கப்படும் வெளிநாட்டவர் அவர்கள்தாம், அதனால் இது அடிக்கடி தேவைப்படும்.

அட்டவணையைக் கடிகார நேரமாகக் கொடுக்காமல் இடைவெளியாகக் கொடுங்கள். "1.00 மணிக்கு" என்றால் திருடனுக்கும் அது தெரிந்துவிடும். "1 முதல் 3க்குள் எப்போதாவது, முந்தைய சுற்று தொடங்கியதிலிருந்து குறைந்தது 45 நிமிடம் கழித்து" என்று வையுங்கள். பாயிண்ட் வரிசையைக் கட்டாயமாக்காதீர்கள். ஒரு நாள் நேராகவும் ஒரு நாள் தலைகீழாகவும் நடப்பது காவலுக்கு நல்லது.

நேரம் பற்றி மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இரவு வேலை நள்ளிரவைத் தாண்டும். மென்பொருளில் நாள் 12 மணிக்கு முடிவதாக இருந்தால் ஒரே இரவு இரண்டு நாள் அறிக்கையாக உடைந்து, நடந்த சுற்றையும் தவறியதாகக் காட்டும். நாள் தொடக்கத்தைக் காலை 7க்கு மாற்றுங்கள். அடுத்து, படிப்புக்கோலின் கடிகாரம் தானாக விலகும். சாதாரணப் படிகக் கடிகாரம் மில்லியனுக்கு 20 பங்கு விலகினாலே ஒரு நாளைக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 வினாடி ஆகிவிடும். சிசிடிவியோடு ஒப்பிடும் நாளில் இந்த வித்தியாசம் பெரிய தகராறாகும் என்பதால் வாரம் ஒருமுறை கணினியோடு சரிசெய்யுங்கள், சிசிடிவி ரெக்கார்டர் கடிகாரத்தையும் சேர்த்து. மூன்றாவது, காவலர் சொந்த போனைப் பயன்படுத்தும் இடங்களில் சிலர் நேரத்தை ஊர் நேரத்தில் வைத்திருப்பார்கள். நேப்பாள நேரம் நம் நேரத்துக்கு 2 மணி 15 நிமிடம் பின்னால். எல்லாப் பதிவும் சரியாக அந்த வித்தியாசத்தில் வந்தால் காரணம் அதுதான். ஆப் சர்வர் நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு அமைப்பிலிருந்து கிளாக்கிங் ஆப்புக்கு விலக்குக் கொடுங்கள். இல்லையென்றால் திரை அணைந்ததும் ஆப்பை முடக்கிவிடும், பதிவு விடியற்காலையில் மொத்தமாக ஏறும். பொய் இருப்பிடம் காட்ட வழிவிடும் டெவலப்பர் அமைப்பைப் பூட்டுங்கள். கார்ட் ஹவுஸ் ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி போனைச் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி சுமார் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்க மறுக்கும். மாலை 7 மணிக்கு இரவு ஆள் எடுக்கும்போது 20 விழுக்காடுதான் இருக்கும்.

ஓய்வு நேரத்தையும் மென்பொருளில் போடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த 30 நிமிடத்தைத் தவறிய சுற்றாக அறிக்கை காட்டக்கூடாது. இடி மின்னல் நேரத்தில் மொட்டைமாடிப் பாயிண்ட்டைத் தவிர்க்க "வானிலை" என்று ஒரு காரணப் பொத்தான் வையுங்கள். மின்னல் வெட்டும்போது மாடியில் நின்று டேக் தட்டச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தைப்பூசம், தீபாவளி, சீனப் புத்தாண்டுக்குத் தனி அட்டவணை போடுங்கள். தண்ணீர்மலைப் பக்கம் உள்ள குடியிருப்புகளில் தைப்பூச இரவு காவலர் முழு நேரமும் வாசலில் வாகனங்களோடு நிற்பார், வழக்கமான அட்டவணையை அன்று ஓடவிட்டால் அறிக்கை முழுக்கச் சிவப்பாக இருக்கும்.

ஆறாம் படி: அறிக்கையைப் படிப்பது

தினமும் காலை 10 நிமிடம் போதும், ஆனால் தினமும் ஒருவர் செய்ய வேண்டும். மேனேஜ்மென்ட் ஆபீஸில் அது யார் என்று பெயர் சொல்லி எழுதிவையுங்கள். விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பாயிண்ட்டுக்கும் பாயிண்ட்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தைப் பாருங்கள்.

இப்படி ஒரு பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

ஏ புளோக், இடது படி, 12ஆம் மாடி: 02.14.05
ஏ புளோக், இடது படி, 6ஆம் மாடி: 02.14.19
கார் பார்க் 3, வட மூலை: 02.14.31

ஆறு மாடியை 14 வினாடியில் இறங்க ஆளில்லை. ஓடியே வந்தாலும் ஒரு நிமிடம் ஆகும். டேக்குகள் சுவரில் இல்லை, அல்லது நகல் இருக்கிறது. நேரே போய்ப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் பிசுக்கு மட்டும் இருந்தால் கழற்றப்பட்டது. டேக் அங்கேயே இருந்தால் நகல் என்று வைத்து, அந்த டேக்கை மாற்றிப் பழைய எண்ணை மென்பொருளில் ரத்து செய்யுங்கள். மறுநாள் பழைய எண் எங்கே தட்டப்படுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத் தானாகவே செய்ய, ஒவ்வொரு ஜோடிப் பாயிண்ட்டுக்கும் குறைந்தபட்ச நேரம் வைக்கும் வசதி பல மென்பொருளில் உண்டு. மூவர் நடந்த கணக்கிலிருந்து வேகமானவரின் நேரத்தில் பாதியை அங்கே போடுங்கள்.

ஒரே கருவியில் இரண்டு காவலரின் அட்டை சில வினாடி இடைவெளியில் மாறி மாறி வந்தால் ஒருவர் இருவருக்கும் சேர்த்து நடக்கிறார். ஒவ்வொரு இரவும் சுற்று நேரம் வினாடி மாறாமல் ஒரே அளவாக வந்தால் சந்தேகப்படுங்கள், மனித நடை அப்படி இருக்காது. தட்டிய நேரத்துக்கும் சர்வரில் ஏறிய நேரத்துக்கும் நீண்ட இடைவெளி நிலத்தடியில் வந்தால் இயல்பு, வேலியோரத்தில் வந்தால் போனில் கோளாறு.

அதிகமாக வருவது வேறு: ஒரே பாயிண்ட் தினமும் விடுபடுவது. இதைக் குற்றமாக எடுக்காதீர்கள். காவலரிடம் கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. "ஏன் கிளாக் பண்ணல?" என்று அதட்டினால் "மறந்துட்டேன் சார்" என்பார். "அண்ணே, நாலாம் பாயிண்ட்ல என்ன சிக்கல்?" என்று கேட்டுப் பாருங்கள். "பின்வாசல் லைட்டு எரியலப்பா. புல்லு முழங்கால் உசரம், பாம்பு கெடக்குமோன்னு நான் போறதில்ல" என்று உண்மை வரும். விளக்கை மாற்றி, புல்லை வெட்டினால் பாயிண்ட் அன்றிரவே பச்சையாகிவிடும். குடியிருப்பாளருக்குத் தெரியாத ஓட்டையை அந்த விடுபட்ட பதிவுதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. சாவி டெக்னீஷியனிடம் இருப்பது, கார் நிறுத்தி டேக்கை மறைப்பது, டேக் வெடித்திருப்பது எல்லாம் இதே வகைதான்.

முதல் இரண்டு வாரத்துப் பதிவைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள், அட்டவணையைத் திருத்த மட்டும் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகும் 25 பாயிண்ட்டில் ஒன்றிரண்டு எப்போதாவது தவறுவது இயல்பு. மாதம் முழுக்க ஒன்றுகூடத் தவறாத அறிக்கையை நான்கு இரவுகளுக்கு சிசிடிவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தமும் சட்டமும்

காவல் நிறுவனத்துக்கு 1971ஆம் ஆண்டு தனியார் ஏஜென்சிகள் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். கிளாக்கிங் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குழுவுக்கு நேரடி உள்நுழைவு வேண்டும். நிறுவனம் மாதக் கடைசியில் அனுப்பும் பி.டி.எஃப். மட்டும் போதாது, திருத்தப்பட்ட பதிவு எது என்று அதில் தெரியாது. பதிவைக் கையால் சேர்க்கவோ மாற்றவோ முடிந்தால் யார், எப்போது மாற்றினார் என்ற தடம் இருக்க வேண்டும்.

சுற்று தவறினால் அபராதம் என்று போட்டால் அது நிறுவனத்தின் கட்டணத்திலிருந்து கழிய வேண்டும். காவலரின் சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை வேலைவாய்ப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது. விளக்கு எரியாத பாயிண்ட்டுக்காக அவரிடம் 20 ரிங்கிட் பிடிப்பது நியாயமும் ஆகாது.

காவலரின் இருப்பிடம், படம், கைரேகை ஆகியவை 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். 2024 திருத்தத்துக்குப் பிறகு கைரேகை, முக அடையாளம் போன்றவை நுண்ணுணர்வுத் தரவாகக் கருதப்படுகின்றன. அட்டையும் பின் எண்ணும் போதும் என்ற இடத்தில் கைரேகைக் கருவி வாங்காதீர்கள். வேலை நேரம் முடிந்ததும் இருப்பிடப் பதிவு நிற்க வேண்டும். என்ன பதிவாகிறது, எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். மூலப் பதிவை 12 மாதம் வைத்திருப்பது நல்லது. காப்புறுதி, கொள்ளைப் புகார் எல்லாம் சில மாதம் கழித்தே கேள்வியாக வரும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை சூப்பர்வைசர் எல்லா டேக்கையும் விரலால் நெம்பிப் பார்க்க வேண்டும். ஆடுவதை அன்றே மாற்றுங்கள். போன் பேட்டரி இரவு முழுக்கத் தாங்குகிறதா என்று காலை 7 மணி அளவைக் குறித்துவாருங்கள், 15 விழுக்காட்டுக்குக் கீழே போகத் தொடங்கினால் மாற்ற வேண்டிய காலம். காவலர் நடந்தவற்றைக் கையால் எழுதும் ஓ.பி. புத்தகத்தைக் கைவிடாதீர்கள். கருவி பழுதான இரவில் கையெழுத்துப் பதிவுதான் இருக்கும்.

காவல் நிறுவனம் மாறும் நாளில் செய்ய வேண்டியது தனி. பழைய நிர்வாகக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றி, பழைய அடையாள அட்டைகள் அத்தனையையும் ரத்து செய்யுங்கள். எல்லாப் பாயிண்ட்டையும் ஒருமுறை நடந்து தட்டிப் பாருங்கள், காணாமல் போன டேக்கின் எண்ணை முடக்குங்கள். புதிய காவலர்கள் முதல் இரவு வேலைக்கு வருமுன், பழைய ஆள் ஒருவரோடு ஏ சுற்றையும் பி சுற்றையும் ஒருமுறை வெளிச்சத்தில் நடந்துவிட வேண்டும்.